மெர்சியை அனுப்பலாமா என்று கேட்டார்கள்

தம்பி,

எனக்கு அறிவுரை சொல்ல வராது என்பது உனக்குத் தெரியும். வகுப்பில் பேசுவதோடு சரி. அங்கேயும் பாடத்தைத் தாண்டி ஒரு வார்த்தை வராது. உன் அப்பா எனக்கு நேர்மாறு. கல்யாணத்துக்கு முந்தின நாள் சொந்தக்காரர்கள் நடுவே உன்னை உட்கார வைத்துப் பேசப்போவதாக இப்போதே ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறார். "நீயும் பெத்தவதானே, நாலு வார்த்தை சொல்லு" என்று என்னையும் இழுக்கிறார். நாலு பேர் முன்னால் எனக்கு அது முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். உன் கையில் கொடுக்காமல் எல்லோரும் படிக்கிற மாதிரி ஏன் எழுத வேண்டும் என்று நீ கேட்பாய். திருச்சி பஸ்ஸில் என் பக்கத்துச் சீட்டில் வந்து உட்காருகிற பெற்றோர்களுக்காகத்தான். "ஒங்க பையனைச் சின்ன வயசுலயே விளையாட்டு ஹாஸ்டலுக்கு அனுப்புனீங்களாமே டீச்சர், எங்க புள்ளையையும் அனுப்பலாமா?" என்று கேட்பார்கள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "அது அவங்கவங்க சௌகரியம்" என்று சொல்லி நழுவிவிடுவேன். இனி நழுவ வேண்டியதில்லை. பதில் கிடைத்துவிட்டது.

உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஏழாம் வகுப்பு. புதுக்கோட்டையில் விளையாட்டு விடுதிக்கு ஆள் தேர்வு நடந்தது. நீ கூடையில் பந்து போடுவதைப் பார்ப்பார்கள் என்று நினைத்து வந்தேன். அவர்களோ பந்தைவிட உன் உள்ளங்கையையும் பாதத்தையும்தான் அதிக நேரம் பார்த்தார்கள். பிறகு "அம்மா அப்பா ரெண்டு பேரும் வாங்க" என்று எங்களைக் கூப்பிட்டுச் சுவரோரம் நிறுத்தி உயரம் அளந்தார்கள். பிள்ளை எவ்வளவு வளரும் என்று பெற்றவர்களை வைத்துக் கணிக்கிற வழக்கம் அவர்களுக்கு உண்டு. உன் அப்பா மூச்சை இழுத்துக்கொண்டு விறைப்பாக நின்றார். டேப் பிடித்த மாஸ்டர், "சார், குதிகாலைக் கீழ வைங்க. ஒங்களை நாங்க எடுக்கப்போறதில்ல" என்றார். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். சிரித்துக்கொண்டே போன பிள்ளை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்து விடுதி வாசலில் விட்டபோது நீ சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. பையை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாய். அதைத் தைரியம் என்று எடுத்துக்கொண்டேன்.

நாங்கள் ஏன் அனுப்பினோம் என்பதை அலங்காரம் இல்லாமல் சொல்லிவிடுகிறேன். நீ பெரிய ஆட்டக்காரனாக வருவாய் என்று நான் நம்பவில்லை. யாருடைய பிள்ளையும் பெரிய ஆட்டக்காரனாக வரும் என்று நம்புகிற சுபாவம் எனக்கு இல்லை. புள்ளியியல் படித்தவள், மேடையில் ஏறி நிற்கிற ஒருவனைக் காட்டினால், ஏறாமல் போனவர்கள் எங்கே என்றுதான் முதலில் கேட்பேன். நம் ஊரில் பிள்ளையை விளையாட்டுக்கு அனுப்புகிறவர்கள் எல்லோருக்கும் உள்ள யோசனைதான் எனக்கும் இருந்தது. மாநில அளவில் ஆடினால் சான்றிதழ், சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீடு, ஒதுக்கீட்டில் ஒரு நிரந்தர வேலை. பந்து என்பது மாடிப்படி. மேலே போய்ச் சேர்ந்த பிறகு படியை யார் நினைக்கிறார்கள்? உன்னிடமே சொல்லியிருக்கிறேன்: "வேலை கிடைக்கிற வரைக்கும் ஆடு, அப்புறம் ஒன் இஷ்டம்." நீ தலையாட்டினாய். அந்த வயதில் நீ எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாய்.

நான் போட்ட திட்டம் அப்படியே நடந்தது. அதுதான் வேடிக்கை. நீ மாநில அணிக்கு ஆடினாய். இருபது வயது முடிவதற்குள் சென்னையில் ஒரு அரசுத் துறையின் அணியில் வேலை கிடைத்தது. காலையில் அலுவலகத்தில் கையெழுத்து, மத்தியானத்துக்கு மேல் பயிற்சி, ஊர் ஊராக ஆட்டம், மாதம் பிறந்தால் சம்பளம். இந்திய அணிக்கான முகாம் வரைக்கும் கூப்பிட்டு, கடைசிப் பட்டியலில் விட்டுவிட்டார்கள். அதற்கு உன் அப்பா ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. நான் நிம்மதியாகத்தான் இருந்தேன். வேலை இருக்கிறதே.

உன் ஆட்டத்தை நான் நேரில் பார்த்தது குறைவு. ஒருமுறை நம் மாவட்டத்திலேயே விளக்கு வெளிச்சத்தில் நடந்த போட்டிக்கு வந்திருந்தேன். மரக் கேலரியில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் முதல் பாதி முழுக்க உன்னை வைதார். "அந்த ஏழாம் நம்பர் என்ன தூங்குறானா? அவனைத் தூக்கி வெளிய போடுங்கடா, பனமரம் மாதிரி நிக்கிறான்." நான் திரும்பவில்லை. இரண்டாம் பாதியில் நீ தொடர்ந்து கூடையில் போட்டதும் அதே மனிதர் என் தோளைத் தட்டி, "பாத்தீங்களாக்கா? நம்ம கீரனூர்ப் புள்ளை! நான் அப்பவே சொன்னேன்ல" என்றார். நான் ஆமாம் என்று தலையசைத்தேன். இன்றைக்கு நீ பயிற்சி கொடுக்கிற பிள்ளைகளுக்குப் பின்னாலும் அந்த மனிதர் உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் அவர் யாராவது ஒரு பிள்ளையின் அப்பாவாகவே இருப்பார். அவர் வசவையும் பாராட்டையும் ஒரே தட்டில் வைத்துவிடு. இது ஒன்றைத்தான் என்னால் அறிவுரை என்று துணிந்து சொல்ல முடியும்.

பிறகு முழங்கால் வலி வந்தது, உன்னைவிட வேகமாக ஓடுகிற பையன்கள் வந்தார்கள், அணியிலிருந்து உன்னை எடுத்தார்கள். வேலையிலிருந்து யாரும் எடுக்கவில்லை. இனிமேல் ஐந்தரை வரைக்கும் சீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நான் எதிர்பார்த்து வைத்திருந்த நாள் அதுதான். படி முடிந்து மாடி வந்துவிட்டது. ஆனால் நீ போனில் சொன்னாய்: "ஃபைல் வேலை ஒண்ணும் கஷ்டம் இல்லம்மா. மூணு மணி ஆனா கால் தன்னால எந்திரிக்குது. பக்கத்துச் சீட்டு அண்ணன், 'பிளேயர் சார், எங்கிட்டு கெளம்பிட்டீங்க'ன்னு சிரிக்கிறாரு. நானும் சிரிச்சுக்கிட்டு ஒக்காந்துர்றேன்." நான் "பழகிரும்" என்றேன். அடுத்த மழைக்காலத்துக்குள் நீ ராஜினாமா செய்துவிட்டு, பை ஒன்று பந்து ஒன்றாகக் கீரனூரில் வந்து இறங்கினாய். இங்கே பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக் கொடுக்கப்போகிறேன் என்றாய்.

அந்த வாரம் நம் வீடு எப்படி இருந்தது என்று உனக்கு நினைவிருக்கும். "வேலை கெடைக்கலேன்னு அழுகிறவனைப் பாத்திருக்கேன். கெடைச்ச பெர்மனென்ட் வேலையை விட்டுட்டு வந்தவன் கீரனூர்லயே நீ ஒருத்தன்தாண்டா" என்று உன் அப்பா வாசலில் போகிற வருகிறவர்களுக்குக் கேட்கும்படி சொன்னார். நீ என்னைப் பார்த்தாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் உன் பக்கம் என்று நீ நினைத்துக்கொண்டாய். அவர் பக்கம் என்று அவர் நினைத்துக்கொண்டார். இரண்டும் இல்லை. என் மனதில் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வேலைக்காகத்தான் அனுப்பினோம். வேலையே வேண்டாம் என்று வந்து நிற்கிறாய். அப்படியென்றால் பன்னிரண்டு வயதில் அனுப்பியது எதற்கு? என் கணக்கில் அதற்கு இருந்த ஒரே நியாயமும் கழன்றுவிட்டது. சரியா தவறா என்று சோதித்துப் பார்க்கவும் வழியில்லை. அனுப்பாமல் வளர்த்திருந்தால் எப்படி இருந்திருப்பாய் என்று ஒப்பிட இன்னொரு நீ இல்லை. உன்னையே கேட்டிருக்கலாம். கேட்டால் நீ என்னைச் சமாதானப்படுத்துவாய் என்பதால் கேட்கவில்லை.

ஒன்றரை வருஷத்தில் எல்லாம் ஓரளவு சீரானது. காலையில் தனியார் பள்ளியில் சம்பளத்துக்குப் பயிற்சி, சாயங்காலம் அரசுப் பள்ளி மைதானத்தில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பயிற்சி. அரிமளத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட நான் பயந்துகொண்டேதான் வந்தேன். சுகன்யாவின் அப்பா கேட்டார்: "மாப்பிள்ளைக்கு என்ன வேலை?" உன் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "புள்ளைங்களுக்குப் பந்து சொல்லிக் குடுக்குறாருங்க" என்றார். "அது சரிங்க. வேலை?" என்றார் அவர் மறுபடியும், மிகவும் மரியாதையாக. காபித் தட்டோடு நின்ற சுகன்யா, "அப்பா, அதான் வேலை" என்றாள். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்தது அந்த நொடியில்தான். மருந்தாளுநராக வேலை பார்க்கிறவள். மருந்தின் பெயரைச் சொல்வது போலவே அதையும் தெளிவாகச் சொன்னாள்.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். உன் அப்பா பத்திரிகை வைக்கக் கந்தர்வக்கோட்டைப் பக்கம் போயிருந்தார். ஜவுளிப் பைகள் சோபாவை அடைத்துக் கிடந்தன. பயிற்சி முடிந்து நீ வந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோதே சகாயமும் அவர் மனைவியும் மகள் மெர்சியோடு வந்துவிட்டார்கள். மெர்சியை எனக்கு முன்பே தெரியும். உன் பிள்ளைகளில் நெட்டையானவள், வாயாடி, ஏழாம் வகுப்பு. அவளுக்கு விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்திருக்கிறது என்று சகாயம் சொன்னார். லோடு வண்டி ஓட்டுகிற மனிதர். அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். பைகளை நகர்த்தி அவர்களை உட்கார வைத்துவிட்டு நான் டீ போடுகிற சாக்கில் சமையலறைக்குள் போனேன். என்ன கேட்கப்போகிறார்கள் என்று தெரிந்துவிட்டது.

"நாளைக்குள்ள சொல்லணுங்களாம் சார். அனுப்பலாமா?" என்றார் சகாயம்.

நான் அடுப்பை அணைத்தேன். பால் பொங்குகிற சத்தத்தில் நீ சொல்வது காதில் விழாமல் போய்விடக் கூடாது.

"இப்ப வேணாங்க" என்றாய்.

"ஏன் சார்? நீங்களும் இதே வயசுல போனவங்கதானே?"

"போனேன். அதனாலதான் சொல்றேன். மூணு வருஷம் போகட்டும். பத்தாவது முடிச்சிட்டுப் போகட்டும். இவ ஆட்டம் எங்கயும் ஓடிப் போகாது."

"அங்க அடிப்பாங்களா சார்?" என்றார் மெர்சியின் அம்மா சன்னமாக.

"ச்சே, அதெல்லாம் இல்லக்கா. என்னை ஒருத்தரும் அடிக்கல. நல்லா சொல்லிக் குடுத்தாங்க, வயிறு ரொம்பச் சாப்பாடு போட்டாங்க. ஆனா பன்னெண்டு வயசுல எனக்குப் பசிக்குதா, பயமா இருக்கா, வீட்டு நெனப்பு வருதான்னு பிரிச்சுச் சொல்லத் தெரியல. எது வந்தாலும் கோர்ட்டைச் சுத்தி ஓடுவேன். மாஸ்டரு இவன் நல்லா ஓடுறான்னு சந்தோசப்படுவாரு. மூணு வருஷம் கழிச்சுப் போயிருந்தா இதைவிட நல்லா ஆடியிருப்பேன்னு சொல்லல. லீவுக்கு வீட்டுக்கு வந்தா எங்க ஒக்கார்றதுன்னு தெரிஞ்சிருக்கும்."

தம்பி, எனக்குச் சட்டென்று ஒரு மே மாதம் ஞாபகம் வந்தது. விடுமுறைக்கு வந்திருந்த நீ, பிரிட்ஜைத் திறந்து தண்ணீர் எடுக்கலாமா என்று என்னிடம் அனுமதி கேட்டாய். விடுதி நல்ல ஒழுக்கம் சொல்லிக் கொடுத்திருக்கிறது என்று அப்போது சந்தோஷப்பட்டேன். படித்தவள், சந்தேகப் பிராணி என்று பெயர் எடுத்தவள், அந்த ஒன்றை மட்டும் சந்தேகப்படாமல் விட்டிருக்கிறேன்.

சகாயம் விடவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். "தப்பா நெனைக்காதீங்க சார். மாவட்டப் போட்டி வருது. இவ போயிட்டா ஒங்க டீமுக்கு ஆள் இல்ல. அதுக்காகப் புடிச்சு வைக்கிறீங்களோன்னு எங்க மச்சான் கேக்குறான்." மச்சான் மேல் போட்டுச் சொன்னாலும் அது அவர் கேள்விதான். உனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"ஒங்க மச்சான் கேக்குறது நியாயம்தாங்க. அப்ப ஒண்ணு பண்ணுவோம். இந்த வருஷப் போட்டிக்கு இவளை டீம்ல எடுக்கல. பயிற்சிக்கு மட்டும் வரட்டும்."

"சார்!" வாசற்படியில் பந்தைத் தட்டிக்கொண்டிருந்த மெர்சி அலறிவிட்டாள். "எங்க மாமா கேட்டதுக்கு என்னை எதுக்கு சார் ஒக்கார வைக்கிறீங்க? அவருக்குப் பந்து உருண்டையா சதுரமான்னே தெரியாது!"

"ஏய், பெரியவங்க பேசுறப்ப வாயை மூடுடி" என்றார் அவள் அம்மா. ஆனால் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு நான் சமையலறை வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க டீச்சர். நீங்களும் ஒரு அம்மா. ஒத்தப் புள்ளையை அனுப்பி வச்சவங்க."

நீ என்னைப் பார்க்கவில்லை. துண்டை மடித்துக்கொண்டிருந்தாய். நான் என்ன சொன்னாலும் எனக்குச் சங்கடம் இருக்கக் கூடாது என்றுதான் கண்ணை விலக்கிக்கொண்டாய் என்று நினைக்கிறேன். "நான் அனுப்பி வச்சவ மட்டும்தாங்க" என்றேன். "அங்க போயி இருந்தவன் அவன். அவன் சொல்றதைக் கேளுங்க."

அவர்கள் டீ குடித்துவிட்டுப் போனார்கள். மறுநாள் சகாயம் விடுதிக்குப் போன் செய்து இந்த வருஷம் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக உன்னிடமே கேள்விப்பட்டேன். மெர்சியை அணியில் வைத்துக்கொள்ளும்படி அந்த மச்சானே வந்து கேட்டாராம். மூன்று வருஷம் கழித்து விடுதிக்காரர்கள் நினைப்பது மாறலாம். அவள் உயரம் இதற்குமேல் போகாமலும் இருக்கலாம். நீ சொன்னது தப்பாகக்கூட முடியலாம். அதை நீ தாங்கிக்கொள்ள வேண்டும். பிள்ளைகளுக்குப் பதில் சொல்கிற வேலையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் அந்தச் சுமை உண்டு. வேலை வாங்கித் தருவேன் என்று மட்டும் எந்தப் பெற்றோருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதே. இலவசமாகச் சொல்லிக் கொடுப்பதாலேயே நீ பெரியவனாகிவிட்டதாகவும் நினைத்துவிடாதே. முழங்காலை மருத்துவரிடம் காட்டு. அறிவுரை வராது என்று சொல்லிவிட்டு அடுக்கிக்கொண்டே போகிறேன். உன் அப்பா படித்தால் சிரிப்பார்.

அவர்கள் போன பிறகு நீ கேட்டாய், "ஒனக்கு வருத்தமாம்மா?" என்று. இல்லை என்றேன். நீ நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அதனால்தான் இவ்வளவும். நீ அன்றைக்கு, "எங்க அம்மா அனுப்புனதாலதான் நான் இன்னைக்கு இப்படி இருக்கேன்" என்று சொல்லியிருந்தால் எனக்கு இனித்திருக்கும். ஒரு வார்த்தைகூட நம்பியிருக்க மாட்டேன். நீ சொன்னது நான் கேட்க ஆசைப்பட்ட பதில் இல்லை. ஆனால் மறைக்காமல், குத்திக் காட்டாமல், இன்னொருவர் பிள்ளைக்கு உபயோகப்படட்டும் என்று நான் நிற்கும்போதே எடுத்து வைத்தாய். நான் அவசரப்பட்டுவிட்டேன் என்று தெரிந்துவிட்டது. அந்த அவசரம் உன்னைக் கெடுத்துவிடவில்லை என்றும் அதே மூச்சில் தெரிந்துவிட்டது. கசந்து போனவன் அப்படிப் பேச மாட்டான். அன்றைக்கு நான் இரண்டாவது டம்ளர் டீயும் குடித்தேன். இத்தனை வருஷமாகத் தோளில் இருந்த ஒன்றை இறக்கி வைத்த மாதிரி இருந்தது என்று எழுதினால் மிகையாகத் தோன்றும். ஆனால் அது அப்படித்தான் இருந்தது.

சுகன்யாவைப் பற்றி ஒன்று சொல்லி முடித்துக்கொள்கிறேன். பேருந்து நிலையத்துக்கு அந்தப் பக்கம் நீங்கள் பார்த்திருக்கிற வாடகை வீடு நல்ல வீடு. ஆனாலும் கொஞ்ச நாளைக்கு அவளுக்கு அது யாரோ வீடு மாதிரித்தான் இருக்கும். எங்கே உட்காருவது, எதைத் திறப்பது, யாரைக் கேட்பது என்று தெரியாமல் நிற்பாள். வாய் தைரியமான பெண்கள் அதை வெளியே சொல்ல மாட்டார்கள். பெரும்பாலான ஆண்களுக்கு இது கண்ணில் படாது. உனக்குப் படும். அந்த ஒன்றைக் கற்றுக்கொள்ள நீ நிறையவே விலை கொடுத்திருக்கிறாய். அவளுக்காவது அது உதவட்டும். அவள் கேட்பதற்கு முன்னால் நீ கவனித்துக்கொள்.

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் நீங்கள் அந்த வீட்டுக்குக் குடி போகிறீர்கள். வாசலில் நின்று உன்னை நான் அனுப்பி வைப்பது இது இரண்டாவது தடவை. இந்தத் தடவை வயது சரியாக இருக்கிறது.

போயிட்டு வா, தம்பி.

அம்மா